உச்சி வெயிலில் நின்றுபோன ஃபேன்: பாளையங்கோட்டை வீடு ஒன்றில் ஆன்கிரிட் சோலாருக்கு பேட்டரி சேர்த்த விவரம்

மாடியில் மூன்று கிலோவாட் சோலார் கிடக்கிறது, உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆனால் தெருவில் கரண்ட் போன அடுத்த நொடி வீட்டுக்குள் ஃபேனும் நின்றுவிடுகிறது. ஈ.பி. லைனோடு சேர்ந்தே ஓடும் இந்த ஆன்கிரிட் சோலார் போட்டவர்களில் பாதிப்பேர் ஒருநாள் இந்தக் கேள்வியோடு வந்து நிற்பார்கள். போடும்போது ஏன் யாரும் சொல்லவில்லை என்று கோபமாகவும் கேட்பார்கள், கோபம் நியாயமானதுதான். அப்படி வந்த ஒரு வீட்டில் என்ன செய்தோம், எதைத் தள்ளினோம், எவ்வளவு செலவு, என்ன கிடைத்தது என்று முழுசாக எழுதி வைக்கிறேன். ஏனென்றால் பேட்டரி விற்கிறவர்கள் சொல்கிற கணக்கும் வீட்டில் நடக்கிற கணக்கும் நம் ஊரில் வேறு வேறாக இருக்கின்றன.

முதலில் ஃபேன் ஏன் நிற்கிறது என்பது. ஆன்கிரிட் இன்வெர்ட்டர் சொந்தமாக வோல்டேஜையோ ஃப்ரீக்வென்சியையோ உண்டாக்குவதில்லை. ஈ.பி. லைனில் வருகிற 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸைப் பார்த்து, அதோடு இசைந்து கரண்டைத் தள்ளும், அவ்வளவுதான். வில்லுப்பாட்டில் புலவர் நிறுத்தினால் பின்பாட்டும் நின்றுவிடுகிற மாதிரி, லைன் செத்தால் அதுவும் நிற்க வேண்டும், அதுவும் இரண்டு நொடிக்குள். இது இன்வெர்ட்டரின் குறை கிடையாது. கம்பத்தில் லைன்மேன் ஏறி நிற்கும்போது நம் மாடியிலிருந்து கரண்ட் திரும்பிப் போனால், அது டிரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக ஏறி மேலே 11,000 வோல்ட்டாக நிற்கும். அந்த மனிதர் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக வைத்த விதி. இதை யாராவது "சின்ன செட்டிங்தான், ஆஃப் பண்ணிடலாம்" என்று சொன்னால் அவரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வீடு. நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவர் மனைவி எனக்கு மதினி. 540 வாட் பேனல் ஆறு, எல்லாம் ஒரே வரிசையாக (ஸ்ட்ரிங்) இணைத்தது, மொத்தம் 3.24 கிலோவாட். மூன்று கிலோவாட் ஆன்கிரிட் இன்வெர்ட்டர், சிங்கிள் பேஸ், வெளியே போனதையும் உள்ளே வந்ததையும் கழித்துக் கணக்கு வைக்கும் நெட் மீட்டர். 2022இல் போட்டது. நம் பக்கம் ஒரு கிலோவாட்டுக்கு வருஷ சராசரியாக நாளைக்கு நாலு யூனிட் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் இந்த வீட்டுக்கு நாளைக்குப் பன்னிரண்டு பதிமூன்று யூனிட். பங்குனியில் இன்னும் கூடும், ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் பாதிக்கும் கீழே போகும். சோலார் வருவதற்கு முன்னால் இரண்டு மாத பில் எழுநூறு யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் ஐந்நூறைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சோலார் வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. பில் விஷயத்தில் அண்ணாச்சிக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில். மதினிக்கு நுரையீரல் தொந்தரவு. டாக்டர் சொல்லி ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் போட்டுக்கொண்டுதான் படுப்பார். அது காற்றை உறிஞ்சி, நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்ஸிஜனைத் தரும் மெஷின். உள்ளே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் போனால் கூவும், அப்புறம் அமைதியாகிவிடும். வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய யு.பி.எஸ். இருந்தது, 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி (லெட் ஆசிட் வகை) ஒன்றோடு. கணக்குப் போட்டால் 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் என்பது 1,800 வாட் ஹவர், அதாவது 1.8 யூனிட். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆகவே கையில் இருப்பது 0.9 யூனிட். கான்சென்ட்ரேட்டர் ஒன்றே மூன்று மணி நேரத்துக்குள் அதைக் குடித்துவிடும். சாதாரண கரண்ட் கட்டுக்கு அது போதும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது சாதாரண கட்டு கிடையாது.

அந்த மழையைப் பற்றி நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி கரையை மறந்தது, ஜங்ஷன் பக்கம் வெள்ளக்காடு. நிறைய இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, தண்ணீர் வடியாமல் சப்ளை கொடுக்கவும் முடியாது, கொடுக்கக்கூடாது. அண்ணாச்சி வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் யு.பி.எஸ். முதல் ராத்திரியிலேயே படுத்துவிட்டது. மதினியை எப்படியோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மழை விட்டு வெயில் வந்த பிறகு மாடிக்குப் போய் நின்றபோது தோன்றியதை அவர் என்னிடம் அப்படியே சொன்னார்: "தம்பி, சூரியன் உச்சியில நிக்கி, பேனலு எல்லாம் கழுவி விட்ட மாதிரி பளபளன்னு கெடக்கு, கீழ ஒரு மெஷின் ஓட மாட்டேங்கு. இதுக்கு ஒரு வழி வேணும்."

கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் அணு உலை இரண்டு ஓடுகிறது, பாபநாசத்தில் வெள்ளைக்காரன் காலத்து நீர்மின் நிலையம் இருக்கிறது, பணகுடியிலிருந்து முப்பந்தல் வரை காற்றாலை, கங்கைகொண்டானில் டாடா பவர் சோலார் செல் தொழிற்சாலையே நடத்துகிறது. இவ்வளவும் பக்கத்தில் இருந்தும் ஒரு வீட்டுக்குக் கரண்ட் வருவது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் நாலு கம்பமும் உயிரோடு இருப்பதைப் பொறுத்தது. பேட்டரி என்பது அந்த நாலு கம்பம் விழுகிற நேரத்துக்கான ஏற்பாடு. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகளெல்லாம் சுலபமாகிவிடும்.

ஏனென்றால் அண்ணாச்சி முதலில் வாங்கிய கொட்டேஷன் ஒன்றில் "பேட்டரி வைத்தால் பில் இன்னும் குறையும், ஐந்து வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும்" என்று எழுதியிருந்தது. நெட் மீட்டர் இருக்கிற வீட்டில் அது நடக்காது. பகலில் எட்டு யூனிட் வெளியே போகிறது, ராத்திரி ஏழு யூனிட் உள்ளே வருகிறது, மீட்டர் ஒன்றுக்கு ஒன்றாகக் கழித்துக்கொள்கிறது, மிஞ்சியது அடுத்த பில்லுக்கு வரவு. அதாவது ஈ.பி. லைனே ஒரு பேட்டரி மாதிரி, யூனிட் நஷ்டமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதே ஏழு யூனிட்டை வீட்டு பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டுமானால் பகலில் சுமார் எட்டு யூனிட்டை உள்ளே போட வேண்டும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் சேர்ந்து பத்து முதல் பதினைந்து சதவீதம் சூடாகப் போய்விடும். இதோடு பேட்டரி இன்வெர்ட்டர் சும்மா விழித்துக்கொண்டிருக்கவே 50 வாட் அளவுக்குத் தின்னும். ஐம்பது வாட்தானே என்று தோன்றும். நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு எழுபது யூனிட்டுக்கு மேல். கொட்டேஷனில் இந்த வரி எங்கேயும் இருக்காது.

ஆகவே அண்ணாச்சியிடம் நேராகவே சொன்னேன், இதில் போடுகிற காசு பில்லில் திரும்பி வராது, பில் கொஞ்சம் கூடத்தான் செய்யும், மானியமும் கிடையாது. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை தருவது பேனல் போடுகிற ஆன்கிரிட் அமைப்புக்கு, பேட்டரிக்கென்று அதில் தனிப் பணம் கிடையாது. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். மதினிதான் பேச்சை முடித்தார். "பில்லு கூடுனா கூடட்டும். எனக்கு ராத்திரி மெஷின் நிக்கக் கூடாது. மத்தத நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுங்க."

இந்த ஒரு வாக்கியம் போதும் டிசைனுக்கு. எத்தனை யூனிட் பேட்டரி என்பதை மாடியில் இருக்கிற பேனலைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, ராத்திரி நிற்கக்கூடாதவை எவை என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அளக்க வேண்டும். லேபிளில் போட்டிருப்பதை நம்பாமல் ஒவ்வொரு பிளக்கிலும் மீட்டரைச் செருகி ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். கான்சென்ட்ரேட்டர் 330 வாட்டில் நின்றது, பத்து மணி நேரத்துக்கு 3.3 யூனிட். ஃபேன் மூன்று, பழசு, ஒவ்வொன்றும் 75 வாட். அவற்றை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றச் சொன்னேன், அதனால் மட்டும் ஒரு ராத்திரிக்கு 1.3 யூனிட் மிச்சம். பேட்டரியில் அந்த 1.3 யூனிட்டை வாங்கப் போனால் ஃபேன் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். பேட்டரி வாங்கும் முன் ஃபேனை மாற்றுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். ஃபிரிட்ஜ் ராத்திரிக்கு 0.6 யூனிட், லைட்டும் வைஃபையும் சேர்ந்து 0.3. ஃபேனையும் கூட்டினால் ஐந்து யூனிட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது. இன்வெர்ட்டர் தன் பங்குக்குத் தின்பதையும் சேர்த்தால் ஆறு.

இப்போது சந்தையில் பொதுவாகக் கிடைக்கிற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று 51.2 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர், அதாவது 5.12 யூனிட். உள்ளே 3.2 வோல்ட் செல் பதினாறு வரிசையாக இருக்கும். இதில் தொண்ணூறு சதவீதம் தாராளமாக எடுக்கலாம் என்றாலும் 4.6 யூனிட்தான், ஆறுக்குப் போதாது. ஆகவே இரண்டு வேண்டும். கான்சென்ட்ரேட்டர் இல்லாத வீடாக இருந்தால் ஒன்றே போதும் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். இரண்டு வைக்க இன்னொரு காரணமும் இருந்தது, அது பின்னால் வருகிறது.

அடுத்தது எப்படி இணைப்பது. பழைய ஆன்கிரிட் இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, பேனல் ஸ்ட்ரிங்கை நேராக ஹைப்ரிட் இன்வெர்ட்டரில், அதாவது பேனலையும் பேட்டரியையும் ஒரே பெட்டியில் கையாளுகிற இன்வெர்ட்டரில், கொடுப்பது ஒரு வழி. புதிதாகப் போடுகிற வீடு என்றால் இதுதான் சரி, நஷ்டம் குறைவு, பெட்டி ஒன்று. இங்கே பழைய இன்வெர்ட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, வாரண்டி இருக்கிறது, நெட் மீட்டர் அனுமதி அந்த இன்வெர்ட்டரின் பெயரில் வாங்கியது. அதோடு அதன் வெளிப்பக்கம் சோலார் உற்பத்தி மீட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஹைப்ரிட்டை அந்த இடத்தில் வைத்தால் பேட்டரிக்குப் போகிற கரண்டும் வருகிற கரண்டும் அந்த மீட்டரில் கலந்து ஓடி, எது சோலார் எது பேட்டரி என்று தெரியாமல் போகும். அதனால் இரண்டாவது வழியை எடுத்தோம். பழையதை அப்படியே விட்டுவிட்டு, ஐந்து கிலோவாட் பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றை ஏ.சி. பக்கமாக, அதாவது வீட்டு 230 வோல்ட் பக்கமாக, சேர்ப்பது. மெயினிலிருந்து வருகிற லைன் புது இன்வெர்ட்டருக்குள் போகும், அதன் பேக்கப் வாயிலிலிருந்து அவசர லோடுகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்க ஒரு தனி டி.பி. பாக்ஸ், அந்த பாக்ஸிலேயே பழைய சோலார் இன்வெர்ட்டரின் வெளியீடும் வந்து சேரும். ஈ.பி. இருக்கும்போது எல்லாம் முன்பு மாதிரியே. ஈ.பி. போனால் புது இன்வெர்ட்டர் சில மில்லி செகண்டில் லைனைத் துண்டித்துக்கொண்டு, தானே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸை உண்டாக்கும். சோலார் இன்வெர்ட்டர் அதைப் பார்த்து லைன் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மறுபடி ஓட ஆரம்பிக்கும். தெருவுக்கு ஒரு பொட்டுக் கரண்டும் போகாது. வேலை ஆரம்பிக்கும் முன் ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் வரைபடத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டோம், இதைத் தவிர்க்கக்கூடாது.

இந்த முறையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பேட்டரி இன்வெர்ட்டரின் திறன் சோலார் இன்வெர்ட்டரின் திறனுக்குக் குறையக்கூடாது. ஈ.பி. இல்லாத நேரத்தில் திடீரென்று வீட்டு லோடு எல்லாம் அணைந்தால் மாடியிலிருந்து வருகிற மூன்று கிலோவாட்டும் அந்த நொடியே பேட்டரிக்குள் போயாக வேண்டும், வேறு போக்கிடம் கிடையாது. அதற்கு இன்வெர்ட்டரும் தாங்க வேண்டும், பேட்டரியும் தாங்க வேண்டும். ஒரு 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி வழக்கமாக 50 ஆம்பியரில் சார்ஜ் ஆகும், அது இரண்டரை கிலோவாட். மூன்று வந்தால் அதற்குள் காவலாக இருக்கிற பி.எம்.எஸ். சர்க்யூட் கதவைச் சாத்திவிடும், வீடே இருட்டாகிவிடும். இரண்டு பேட்டரி இருந்தால் ஐந்து கிலோவாட் வரை வாங்கிக்கொள்ளும். நான் பின்னால் சொல்கிறேன் என்ற காரணம் இதுதான். ஒரு பேட்டரியோடு ஏ.சி. பக்கம் இணைத்துக் கொடுத்த வீடுகளில் மத்தியானக் கரண்ட் கட்டின்போது வீடு அணைந்து அணைந்து எரிகிறது என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பெட்டிகளை மாட்டுவது ஒரு நாள் வேலை. வயரிங்கைப் பிரிப்பதில்தான் உண்மையான பாடு. அவசர லோடு என்று ஐந்து சர்க்யூட்டைத் தேர்ந்தெடுத்தோம், படுக்கையறை பிளக், மூன்று ஃபேனும் லைட்டும், ஃபிரிட்ஜ், வைஃபை, சமையலறை லைட். பழைய போர்டிலிருந்து அவற்றின் பேஸ் வயரையும் நியூட்ரலையும் கழற்றி புது டி.பி. பாக்ஸில் போட்டு, கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற புது ஆர்.சி.சி.பி.யைத் தூக்கினால் நிற்கவில்லை, டக்கென்று விழுகிறது. ஒவ்வொரு சர்க்யூட்டாக அணைத்துப் பார்த்தோம். மாடிப்படி லைட்டைப் போட்டால் மட்டும் விழுகிறது. அந்த லைட்டுக்குப் பேஸ் ஹால் சர்க்யூட்டிலிருந்து வருகிறது, நியூட்ரல் படுக்கையறை சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது. வீடு கட்டும்போது பைப்புக்குள் ஒரு வயர் மிச்சம் பிடிக்க யாரோ செய்த வேலை. எல்லாம் ஒரே போர்டில் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. இரண்டு போர்டாகப் பிரித்ததும், ஒரு போர்டிலிருந்து போன கரண்ட் இன்னொரு போர்டு வழியாகத் திரும்புகிறது, ஆர்.சி.சி.பி. அதை லீக்கேஜ் என்று எடுத்துக்கொண்டு விழுகிறது. விழுந்தது நல்லதுக்குத்தான். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இதே தப்பு தலைகீழாக, பேட்டரி போர்டின் பேஸும் ஹால் போர்டின் நியூட்ரலுமாக இருந்தால், ஈ.பி. மெயினை ஆஃப் செய்துவிட்டு ஒருவர் ஹால் போர்டில் கை வைக்கும்போது நியூட்ரலில் பேட்டரி கரண்ட் நிற்கும். மாடிப்படி லைட்டுக்கு நியூட்ரலைப் புதிதாக இழுத்தோம். நம் ஊரில் இருபது வருஷத்துக்கு மேலான வீடுகளில் இந்தக் கடன் நியூட்ரல் இல்லாத வீடு அபூர்வம், பேட்டரி வைக்கும் முன் நியூட்ரலைத் தேடுங்கள்.

எர்த் விஷயமும் இதோடு சேர்ந்தது. ஈ.பி. இருக்கும்போது நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த்தோடு கட்டப்பட்டிருக்கிறது. இன்வெர்ட்டர் லைனைத் துண்டித்ததும் அந்தக் கட்டு அறுந்துவிடும், நியூட்ரல் அந்தரத்தில் மிதக்கும், அப்போது ஆர்.சி.சி.பி. இருந்தும் பயனில்லை. ஆகவே தனித்து ஓடும் நேரத்தில் மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கிற ரிலே இன்வெர்ட்டரில் இருக்கிறதா, அந்த செட்டிங் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததோடு விடாமல் மெயினை ஆஃப் செய்து, பேட்டரியில் ஓடும்போது ஆர்.சி.சி.பி. டெஸ்டரைச் செருகி விழவைத்துப் பார்த்தோம். எர்த் குழி காய்ந்து கிடந்தது, புதிதாக ஒன்று போட்டோம்.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதில் அண்ணாச்சிக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். மாடிப் படிக்கட்டு ரூமில் வைத்துவிடலாம், இடத்தை அடைக்காது என்றார். மேலே ஷீட் கூரை. பாளையங்கோட்டையில் சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது அந்த ரூமுக்குள் ஐம்பதைத் தொடும். லித்தியம் பாஸ்பேட் தீப்பிடிக்கிற ஆபத்து குறைந்த வகைதான், ஆனாலும் சூட்டில் முழு சார்ஜோடு நாள்கணக்கில் கிடந்தால் சீக்கிரம் கிழடு தட்டிவிடும். கீழே வடக்குச் சுவர் ஓரம், வெயில் படாத பின் வராந்தாவில் ஆங்கிள் ஸ்டாண்டு அடித்து, தரையிலிருந்து நாலடி உயரத்தில் வைத்தோம். வெள்ளம் பார்த்த ஊர், தரையில் வைக்க மனசு வரவில்லை. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்குப் பக்கம், ஸ்டாண்டைச் சுவரில் போல்ட் அடித்துப் பிடித்தோம். ஐந்து கிலோவாட் இழுக்கும்போது பேட்டரி பக்கம் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். 35 ஸ்கொயர் எம்.எம். செம்பு கேபிள், ஒன்றரை மீட்டருக்குள், 125 ஆம்பியர் டி.சி. பிரேக்கர். கேபிள் முனையில் மாட்டுகிற லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில்தான் அமுக்கினோம். சுத்தியலால் தட்டி ஒட்டிய லக் இந்தக் கரண்டில் சிவந்துபோய் இன்சுலேஷனை உருக்கிவிடும்.

எல்லாம் முடித்து ஒரு மத்தியானம் சோதனை. வீட்டில் 400 வாட் ஓடுகிறது, மாடியில் 2.2 கிலோவாட் வருகிறது, பேட்டரி 97 சதவீதம். மெயினை இறக்கினேன். லைட் லேசாகக் கண் சிமிட்டியது, ஃபேன் வேகம் குறையவில்லை, வேண்டுமென்றே ஓடவிட்டிருந்த கான்சென்ட்ரேட்டர் கூவவில்லை. சோலார் இன்வெர்ட்டர் மட்டும் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது, ஒரு நிமிஷம் போல லைனைப் பார்த்துவிட்டு மறுபடி பச்சைக்கு வந்தது. அண்ணாச்சி திரையில் பேட்டரிக்குள் 1.8 கிலோவாட் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதற்கு அடுத்ததுதான் முக்கியமான இடம். பேட்டரி நிரம்பப் போகிறது, மாடியிலிருந்து வருவதை யார் நிறுத்துவது? இரண்டு இன்வெர்ட்டருக்கும் நடுவே பேச்சு வயர் எதுவும் கிடையாது. பேட்டரி இன்வெர்ட்டர் ஃப்ரீக்வென்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தும், 50இலிருந்து 50.5, 51 என்று. லைன் சரியில்லை என்று சோலார் இன்வெர்ட்டர் தானாக விலகிக்கொள்ளும். மீட்டரில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் சோலார் நின்றது, ஃப்ரீக்வென்சி 50க்கு இறங்கியது, வீடு பேட்டரியில் ஓடியது. பேட்டரி சற்று இறங்கியதும் சோலார் மறுபடி வந்தது. புது ரக ஆன்கிரிட் இன்வெர்ட்டர்களில் சில, ஃப்ரீக்வென்சி ஏற ஏற மெதுவாகக் குறைத்துக்கொள்ளும். இது 2022 மாடல், ஒன்று முழுசாக ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். பாதகமில்லை. பேரன் கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த சின்ன யு.பி.எஸ். மட்டும் 51 ஹெர்ட்ஸைப் பார்த்துக் கத்தியது. அது இனி தேவையில்லை, எடுத்துவிட்டோம்.

போர் மோட்டார் விஷயத்தில் யோசித்துத்தான் முடிவு செய்தோம். ஒரு குதிரைத்திறன் சப்மெர்சிபிள் ஓடும்போது 1.1 கிலோவாட்தான், எழும்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அவசர போர்டில் நிரந்தரமாகச் சேர்த்தால் ராத்திரி யாராவது தெரியாமல் போட்டு, வோல்டேஜ் விழுந்து, கான்சென்ட்ரேட்டர் நின்றுவிடும். முழுசாக விட்டுவிடவும் முடியாது. வெள்ளத்தின்போது மாடித் தொட்டி காலியானதுதான் அந்த வீட்டின் அடுத்த பெரிய கஷ்டம். அதனால் மோட்டாருக்குத் தனியாகக் கையால் திருப்பும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று வைத்தோம். பகலில், மெஷின் ஓடாத நேரத்தில், பேட்டரி பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் திருப்பி அரைமணி ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். சோதித்தபோது லைட் மங்கி நிமிர்ந்தது, இன்வெர்ட்டர் தாங்கியது. ஏசி, ஹீட்டர், கிரைண்டர் எல்லாம் பழைய போர்டிலேயே இருக்கின்றன.

தினசரி ஓட்டத்துக்கு பேக்கப் முறையில் வைத்திருக்கிறோம், அதாவது ஈ.பி. இருக்கும்வரை பேட்டரியைத் தொடாது. தினமும் ஏற்றி இறக்கினால் நெட் மீட்டர் வீட்டில் நஷ்டம்தான் என்று மேலே பார்த்தோம். மாசி முதல் புரட்டாசி வரை 80 சதவீதத்தில் நிறுத்தி வைப்பு, மாதம் ஒருமுறை மட்டும் நூறு வரை, செல்கள் சமமாவதற்காக. ஐப்பசி பிறந்தால் நூறிலேயே வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில்தான் நமக்கு ஆபத்து, சோலாரும் அப்போதுதான் குறைவு. மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த விதிப்படி பகல் வெயில் நேரத்துக்குக் குறைந்த கட்டணமும் மாலை உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணமும் நம் வீட்டு மீட்டருக்கும் வந்து சேர்ந்தால், அப்போது இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். அன்றைக்கு செட்டிங்கை மாற்றினால் போதும், பெட்டி அதேதான்.

செலவு: பேட்டரி இரண்டும் இன்வெர்ட்டரும் வயரிங்கும் எர்த்தும் ஃபேனும் சேர்த்து இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. சிறிய தொகை இல்லை. வெறும் ஃபேனும் லைட்டும் ஓடினால் போதும், மூன்று நாலு மணி நேரக் கட்டுதான் வரும் என்கிற வீட்டுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். அங்கே நல்ல யு.பி.எஸ்., டியூபுலர் ஒன்று போதும், பாட்டரித் தண்ணீரை மட்டும் மறக்காமல் ஊற்ற வேண்டும்.

போன ஐப்பசியில் இடி மழையில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் போய், ராத்திரி ஒன்பது மணிக்குப் போன கரண்ட் காலையில்தான் வந்தது. விடியும்போது பேட்டரி 43 சதவீதம். கணக்குப் போட்டது 41. மதினிக்குக் கரண்ட் போனதே தெரியாது, காலையில் பால்காரர் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. இருந்தாலும் டாக்டர் சொன்ன ஆக்ஸிஜன் சிலிண்டரை நிரப்பி அறை மூலையில் வைத்தே இருக்கிறார்கள். அதை எடுக்கச் சொல்லும் தைரியம் எந்த பேட்டரிக்காரனுக்கும் வரக்கூடாது. மெஷினே பழுதானால் பேட்டரி என்ன செய்யும்?

இதைப் பார்த்துவிட்டு அம்பாசமுத்திரத்தில் இருக்கிற அண்ணாச்சியின் தம்பியும் கேட்கிறார். அவர் வீட்டில் த்ரீ பேஸ் ஆன்கிரிட் இன்வெர்ட்டர். அதற்கு இதே பெட்டியை வைக்க முடியாது. த்ரீ பேஸ் இன்வெர்ட்டருக்கு மூன்று பேஸும் உயிரோடு தெரிந்தால்தான் ஓடும், சிங்கிள் பேஸ் பேட்டரி இன்வெர்ட்டர் ஒரு பேஸை மட்டும் உண்டாக்கினால் அது கண்ணையே திறக்காது. ஒன்று த்ரீ பேஸ் பேட்டரி இன்வெர்ட்டர் வேண்டும், இல்லையென்றால் பேனலில் ஒரு பகுதியைப் பிரித்துத் தனி ஸ்ட்ரிங்காகச் சின்ன ஹைப்ரிட் ஒன்றுக்குக் கொடுக்க வேண்டும். அவர் வீட்டில் ராத்திரி நிற்கக்கூடாதது இரண்டு ஃபேனும் ஒரு ஃபிரிட்ஜும் மட்டும்தான், அதனால் இரண்டாவதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். முதலில் அளந்துவிட்டு வரச் சொல்லி மீட்டரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.